வெயில் புகாத வீடும் வளையும் கால்களும்

தமிழில் குழந்தை நோய்களுக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. மாந்தம், கணை, சவலை, தோடம், அக்கரம் என்று பாலவாகட நூல்களும் வீட்டுப் பாட்டிமாரும் வழங்கிவந்த பெயர்கள் பல. ஆயினும், வளரும் பிள்ளையின் எலும்பு இறுகாமல் மென்மையாகவே நின்று, உடலின் பாரத்தைத் தாங்காது வளைந்துபோகும் நோய்க்கென்று தனித்த பெயர் ஒன்று நம் வழக்கில் வேரூன்றவில்லை. பாடநூல்கள் 'ரிக்கெட்ஸ்' என்ற அயற்பெயரையே எடுத்தாளுகின்றன. சிலர் 'எலும்புருக்கி' என்று எழுதுவதுண்டு. அது காசநோய்க்கு முன்னோர் வழங்கிய பெயராதலால் இங்குப் பொருந்தாது. 'கணை' என்பது மெலிந்து வாடும் குழந்தையின் பல நோய்களை ஒருசேரச் சுட்டுவது. 'சவலை' என்பதோ தாய்ப்பால் போதாமல் நலிந்த பிள்ளையைக் குறிப்பது.

இப்பெயர்க் குழப்பம் சொல்லாராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஒன்றரை வயதாகியும் நடை பழகாத பிள்ளையைச் 'சவலை' என்று சொல்லிவிட்டால், நெய்யும் சோறும் ஊட்டினால் தேறிவிடும் என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். உண்மை நோயோ உள்ளே வளர்கிறது. எனவே, வேறு நல்ல சொல் வழக்கிற்கு வரும்வரை, ரிக்கெட்ஸ் என்ற பெயரையே இக்கட்டுரையும் கையாளுகின்றது.

தமிழாசிரியர் மருத்துவம் பேசலாமா என்று சிலர் வினவக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரே குறிக்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு செல்வதா, வேண்டாவா என்னும் முடிவு மருத்துவமனையில் எடுக்கப்படுவதன்று, வீட்டில் எடுக்கப்படுவது. அந்த வீட்டாரை எண்ணியே இச்செய்திகள் இங்குத் தொகுக்கப்படுகின்றன. நோய், நோயின் காரணம், அதனைத் தணிக்கும் வழி என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த வரிசையே நமக்கும் போதுமானது.

எலும்பு இறுகும் முறை

குழந்தையின் எலும்பு முதலில் குருத்தெலும்பாக வளர்கிறது. பின்னர் அதில் கால்சியமும் பாஸ்பரசும் உப்பாகப் படிந்து அதனை இறுகச் செய்கின்றன. குயவர் வனைந்த பச்சைப் பாண்டம் சூளையில் வெந்த பின்னரே நீரைத் தாங்குவது போல, இவ்வுப்புகள் படிந்த பின்னரே எலும்பு உடலைத் தாங்கும். உப்புப் படியவில்லை எனில் குருத்தெலும்பு அணுக்கள் வளர்முனையில் குவிந்துகொண்டே போகும். மணிக்கட்டும் கணுக்காலும் புடைத்துத் தோன்றுவது இதனால்தான்.

நாம் உண்ணும் உணவிலுள்ள கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. வைட்டமின் டி போதிய அளவு இருப்பின் 30 முதல் 40 விழுக்காடு வரை குடல் ஈர்த்துக்கொள்ளும்; அது இல்லையேல் 10 முதல் 15 விழுக்காடுதான். இந்த வைட்டமினை உணவிலிருந்து பெறுவதைவிடத் தோலில் உண்டாக்கிக்கொள்வதே மனித உடலின் இயல்பு. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களில் ஒரு பகுதி தோலில் பட்டவுடன், அங்குள்ள கொழுப்புப் பொருளொன்று வைட்டமின் டி ஆக மாறுகிறது. அது கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் ஒரு மாற்றமும் பெற்ற பிறகே வேலை செய்யும் நிலையை அடைகிறது. தோல், கல்லீரல், சிறுநீரகம், குடல் என்ற இந்நெடுவழியில் எங்குத் தடை நேரினும் முடிவில் தளர்வது எலும்பே.

நோயின் அடையாளங்கள்

ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இந்நோய் மிகுதியாகத் தலைகாட்டும். எலும்பு விரைந்து வளரும் பருவம் அதுவே. உச்சிக்குழி மூட வேண்டிய காலத்தில் மூடாது. பல் முளைப்பது தாமதப்படும். மணிக்கட்டு அகன்றிருக்கும். விலா எலும்பின் முனைகள் மார்பின் இருபுறமும் மணி கோத்தாற்போல் வரிசையாகப் புடைத்து நிற்கும். மருத்துவர்கள் இதனைச் செபமாலைக்கு ஒப்பிடுவர். நாம் தஸ்பீஹ் மணி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மார்பு புறாவின் மார்பு போல் முன்தள்ளும். நடக்கத் தொடங்கிய பின் கால்கள் வில்லாக வெளிப்புறம் வளையும். அல்லது முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். இத்தகைய பிள்ளைக்குச் சளியும் மூச்சுத் திணறலும் அடிக்கடி வரும், சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. இரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்துவிட்டால், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலேயே வலிப்பு வரும். சில குழந்தைகளுக்கு இதயத் தசையே தளர்ந்துவிடும். வலிப்பு வந்த பிள்ளையை முதலில் ஓதிப் பார்க்கத் தூக்கிச் செல்வது நம் ஊர்களில் இன்றும் காணக்கூடியது. ஓதுவதை எவரும் தடுக்கவில்லை, அது நம்பிக்கை. ஆயின் மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அறிவுறுத்தியிருக்கும்போது, ஓதுவதைச் செல்லும் வழியில் வண்டிக்குள்ளேயே செய்யலாம். காய்ச்சலற்ற வலிப்புக்குக் கால்சியத்தை இரத்த நாளத்தின் வழியே உடனே செலுத்த வேண்டியிருக்கும். அதை மருத்துவமனையில்தான் செய்ய முடியும்.

வளைந்த காலெல்லாம் ரிக்கெட்ஸ் ஆகுமோ எனின், ஆகாது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கால்கள் இரண்டும் ஒரே அளவில் சற்று வளைந்திருப்பது இயல்பே. அது தானாக நிமிர்ந்து, மூன்று நான்கு வயதில் முழங்கால் சற்று ஒட்டி, ஏழு வயதளவில் நேராகிவிடும். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று பெரியோர் கூறுவது இத்தகைய கால்களைப் பொறுத்தவரை உண்மையே. எது இயல்பு, எது நோய் என்பதைப் பிரித்தறிய ஓர் இரத்தப் பரிசோதனையும் மணிக்கட்டின் எக்ஸ்-கதிர்ப் படமும் போதும். இரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்னும் பொருள் உயர்ந்தும், படத்தில் எலும்பு முனை கிண்ணம் போல் குழிந்து ஓரம் பிய்ந்தாற்போலவும் காணப்பட்டால் ஐயத்திற்கு இடமில்லை.

ஒரு மருந்தைத் தேடிய இரு வழிகள்

இந்நோயைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர்கள் ஆங்கிலேய மருத்துவர்கள். டேனியல் விசிலர் 1645-இல் ஒரு சிற்றேடும், பிரான்சிஸ் கிளிசன் 1650-இல் ஒரு பெருநூலும் எழுதினர். ஐரோப்பியர் இதனை 'ஆங்கில நோய்' என்றே குறிப்பிடலாயினர். தொழிற்புரட்சிக்குப் பின் ஆலைப்புகை வானை மூடிய நகரங்களில், ஒளி நுழையாத சந்துகளில் வாழ்ந்த ஏழைப் பிள்ளைகளிடம் இது பெருகியது. கிளாஸ்கோ நகரில் அறுவை மருத்துவர் வில்லியம் மக்யூவன் வளைந்த எலும்புகளை வெட்டி நிமிர்த்தும் முறையைச் செம்மையாக்கி 1880-இல் நூலாகவே வெளியிட்டார். அந்நகரில் வளைந்த கால்களுக்குக் குறைவே இல்லை போலும்!

காரணம் யாது என்பதில் மருத்துவ உலகம் இரு கூறாகப் பிரிந்து நின்றது. உணவுக் குறையே காரணம் என்றது ஒரு சாரார் கருத்து. காட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் ஐரோப்பியக் கடற்கரை மக்களின் கைமருந்தாக நெடுங்காலம் இருந்துவந்ததை அவர்கள் சான்றாகக் காட்டினர். 1918, 1919 ஆண்டுகளில் எட்வர்டு மெல்லன்பி இலண்டனில் நாய்க்குட்டிகளுக்குக் குறைபட்ட உணவளித்து நோயை வரவழைத்தார். பின் மீனெண்ணெய் கொடுத்து அதனைத் தடுத்துக் காட்டினார். அக்குட்டிகள் வெளியே விடப்படாமல் கட்டடத்துக்குள்ளேயே வளர்க்கப்பட்டன என்பது அப்போது பெரிதாக எண்ணப்படவில்லை.

மற்றொரு சாரார் கதிரவனைச் சுட்டினர். போலந்து நாட்டு மருத்துவர் சினியாடெட்ஸ்கி 1822-லேயே நகரத்துப் பிள்ளைகளுக்கு நோய் மிகுதி, நாட்டுப்புறப் பிள்ளைகளுக்குக் குறைவு என்று கண்டு, வெயிலையே மருந்தாகப் பரிந்துரைத்தார். ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய தியோபால்டு பாம் என்ற மருத்துவர் 1890-இல் பல நாடுகளின் நிலையை ஒப்பிட்டு எழுதினார். வறுமையும் அழுக்கும் மிகுந்த கீழைநாட்டு நகரங்களில் ரிக்கெட்ஸ் அரிதாக இருக்க, செல்வம் கொழித்த இங்கிலாந்தில் அது மலிந்திருப்பதேன் என்பது அவர் வினா. வெயிலின் மிகுதியும் குறைவுமே அதற்கு அவர் கண்ட விடை. ஆயினும் அவருடைய சொல் அன்று அம்பலம் ஏறவில்லை.

1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், புறஊதாக் கதிர் வீசும் பாதரச விளக்கின் ஒளியை நோயுற்ற பிள்ளைகள் மீது பாய்ச்சினார். எலும்புகள் இறுகின. அவர் செய்த ஒரு சோதனை எண்ணிப் பார்க்கத்தக்கது. பிள்ளையின் ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சிவிட்டு, இரண்டு கைகளையும் படமெடுத்துப் பார்த்தார். ஒளி படாத கையும் குணமாகியிருந்தது! தோலில் உண்டான ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சென்று வேலை செய்கிறது என்பது அதனால் விளங்கிற்று.

இவ்விரு வழிகளும் ஓரிடத்தில் கூடியது முதல் உலகப்போருக்குப் பின் பசியால் வாடிய வியன்னா நகரில். இலண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹேரியட் சிக் என்ற அம்மையார், தம் தோழியருடன் 1919-இல் அங்குச் சென்றார். நகரத்துக் குழந்தை மருத்துவமனையின் தலைவர் பிர்க்கே, உலகப் புகழ் பெற்றவர். ரிக்கெட்ஸ் தொற்று நோய் என்பதே அவர் எண்ணம். எனினும் ஆய்வுக்கு இடங்கொடுத்த பெருந்தன்மை அவருக்கிருந்தது. கோடையில் வெளியே கிடத்தப்பட்ட குழந்தைகளுக்கு எந்த உணவு கொடுத்தாலும் நோய் வரவில்லை. மாரிக்காலத்தில் வழக்கமான உணவு உண்ட குழந்தைகளில் பலருக்கு நோய் வந்தது. மீனெண்ணெய் பெற்றவர்களுக்கு வரவில்லை. வந்த நோயும் எண்ணெயால் குணமாயிற்று, விளக்கொளியாலும் குணமாயிற்று. இரு சாராரும் கண்டது ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்பது 1922-க்குள் தெளிவாயிற்று.

அதே 1922-இல் அமெரிக்கரான மெக்காலம், மீனெண்ணெயில் உள்ள இச்சத்து வைட்டமின் ஏ-யிலிருந்து வேறானது என்று காட்டி, அகர வரிசையில் அடுத்து நின்ற 'டி' என்ற எழுத்தை அதற்குப் பெயராக்கினார். இத்துறையில் ஆய்ந்த ஜெர்மானிய வேதியியலார் விண்டாஸ் 1928-இல் நோபல் பரிசு பெற்றார்.

நாசிக்கும் ஸ்ரீநகரும்

பாம் கூறியபடி வெயில் மிகுந்த நாட்டில் இந்நோய் அரிதாக அல்லவா இருக்க வேண்டும்? இந்தியாவில் அது ஏன் இருந்தது, இருக்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடும்போது நம் சமுதாயம் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொள்ள நேர்கிறது.

1922-இல் ஹட்சின்சன், ஷா என்ற இரு மருத்துவர்கள் நாசிக் வட்டாரத்தில் செய்த ஆய்வை வெளியிட்டனர். வயல்வெளியில் உழைத்த ஏழைகளின் பிள்ளைகள் குறைந்த உணவே உண்டும் இந்நோயின்றி இருந்தனர். பெண்களையும் கைக்குழந்தைகளையும் வீட்டுக்குள்ளேயே இருத்திய வசதியுள்ள குடும்பங்களில், இந்து உயர்குடியினர், முஸ்லிம்கள் ஆகிய இரு திறத்தாரிடமும், நோய் காணப்பட்டது. நல்ல உணவு இருந்தும் ஒளி இல்லை!

காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர் 1928-இல் ஒரு நூல் எழுதினார். ஸ்ரீநகரின் நெருக்கமான தெருக்களில் அடைபட்டு வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு மென்மையுற்றுச் சுருங்கி, மகப்பேறு உயிருக்கே உலை வைப்பதாய் இருந்ததை அவர் எடுத்துரைத்தார். குழந்தைக்கு ரிக்கெட்ஸ் எதுவோ, வளர்ந்த பெண்ணுக்கு இது. பர்தா முறையையே அவர் காரணமாகச் சாடினார். அவருடைய குற்றச்சாட்டை நாம் சினத்தோடு ஒதுக்கவும் வேண்டா. அப்படியே ஏற்கவும் வேண்டா. ஏனெனில், நீர்நிலைகளில் படகையே வீடாகக் கொண்டு வெட்டவெளியில் உழைத்த பெண்கள் இத்துன்பமின்றி எளிதாகப் பிள்ளை பெற்றனர் என்பதையும் அவரே கூறுகின்றார். அப்படகோட்டிக் குடும்பத்தினரும் முஸ்லிம்களே. மார்க்கம் இரு சாராருக்கும் ஒன்று, வேறுபட்டது வெளிச்சம்.

நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளை இங்கு எண்ணிப் பார்க்கலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. அயலார் கண்படாத அவ்விடத்தில் பெண்கள் நெல் காயவைத்தனர், வடகம் பிழிந்தனர், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டினர். முக்காடு சரிந்தாலும் பார்ப்பாரில்லை. கோஷாவும் குலையவில்லை, வெயிலும் குறையவில்லை. இன்று அம்முற்றம் கூரை போட்டு அடைக்கப்பட்டு, இன்னோர் அறையாகிவிட்டது. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் முற்றமும் இல்லை; மாடிக்குச் செல்லவோ கூச்சம். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாதா எனின், போதாது. வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இந்நிலை முஸ்லிம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. காலையில் வண்டியேறிக் கணிப்பொறி முன் அமர்ந்து இருட்டிய பின் திரும்பும் எவர் வீட்டுக்கும் பொருந்தும். ஆயினும், வெளியே செல்கையில் உடல் முழுதும் போர்த்திக்கொள்ளும் பெண்ணுக்கு வீட்டுக்குள் கிடைக்கும் வெயிலே முதல் என்பதால், முற்றத்தின் இழப்பு அவளுக்கு இருமடங்காகிறது.

தாயிடம் இல்லாதது சேய்க்கு எவ்வாறு வரும்? கருவிலிருக்கும் குழந்தை தன் முதல் சில வாரங்களுக்கான வைட்டமின் டி-யைத் தாயிடமிருந்தே பெறுகிறது. தாய்ப்பால் வேறெதனாலும் ஈடுசெய்ய இயலாத உணவு. ஆனால் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. ஒரு லிட்டரில் 100 அலகு கூடத் தேறாது. குழந்தைக்கு வேண்டியதோ நாளொன்றுக்கு 400 அலகு. இதைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிடுவது பெரும் பிழையாகும். இரண்டாண்டுப் பாலூட்டலைத் திருமறை பேசுகிறது. மருத்துவமும் அதையே வலியுறுத்துகிறது. செய்ய வேண்டியது பாலுடன் சொட்டு மருந்து சேர்ப்பதே.

மருத்துவ முறை

2016-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி இந்நோய்க்கான மருத்துவ முறையை வகுத்து வெளியிட்டனர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் 2000 அலகு வைட்டமின் டி. ஒன்று முதல் பன்னிரண்டு வயது வரை 3000 முதல் 6000 அலகு. அதற்கு மேற்பட்டோருக்கு 6000 அலகு. குறைந்தது மூன்று மாதம் இதனைக் கொடுக்க வேண்டும். அதனோடு உணவாகவோ மருந்தாகவோ நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் சேர வேண்டும். கால்சியத்தை மறந்து வைட்டமினை மட்டும் கொடுப்பது, கொத்தனாரை அழைத்துவிட்டுச் செங்கல் வாங்காமல் இருப்பது போன்றது.

அன்றாடம் கொடுக்க இயலாத குடும்பங்களுக்கு ஒரே தடவையில் பெரும் அளவு கொடுக்கும் முறையும் உண்டு. அது மருத்துவர் கையாலேயே நடைபெற வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஆகாது. ஆறு லட்சம் அலகு கொண்ட ஊசியை, கால்வலி என்று சொன்ன பிள்ளைக்கெல்லாம் பரிசோதனையின்றிப் போட்டுவிடும் பழக்கம் நம் நாட்டில் சில இடங்களில் இருந்துவந்தது. அது கண்டிக்கத்தக்கது. இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. மிஞ்சினால் சிறுநீரில் வெளியேறிவிடாது. இரத்தத்தில் கால்சியம் எல்லை மீறி ஏறி, வாந்தி, மலச்சிக்கல், மிகுந்த தாகம், சிறுநீரகக் கேடு ஆகியவற்றை உண்டாக்கும். இங்கிலாந்தில் குழந்தைப் பால்மாவில் அளவு மிஞ்சிச் சேர்த்ததால் 1950-களில் பல குழந்தைகள் இவ்வாறு துன்புற்றனர். பின்னர் அளவு குறைக்கப்பட்டது.

வீட்டார் கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்று. கடைகளில் விற்கும் சொட்டு மருந்துகளில் ஒரு மில்லி லிட்டருக்கு 400 அலகு உள்ளதும் உண்டு. 800 அலகு உள்ளதும் உண்டு. குப்பி மாறினால் அளவும் மாறும். வாரம் ஒருமுறை என்று எழுதிக் கொடுக்கப்படும் 60,000 அலகுப் பொடியை நாள்தோறும் கொடுத்துவிட்டால் மருந்தே நஞ்சாகிவிடும். சீட்டில் எழுதியதை மருந்துக்கடையில் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

மாத்திரை உறையிலுள்ள ஜெலட்டின் ஆகுமானதா என்ற ஐயம் நம்மவர் சிலரைத் தயங்கச் செய்கிறது. சொட்டு மருந்துக்கும் பொடிக்கும் அவ்வுறை இல்லை. மருந்திலுள்ள வைட்டமின் டி பெரும்பாலும் ஆட்டுரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. எனவே இதனைக் காரணமாக்கி மருந்தைத் தவிர்க்க வேண்டிய தேவையில்லை.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் பிள்ளையின் சிணுங்கல் குறையும்; தசை வலுப்பெறும். மூன்று நான்கு வாரங்களில் எடுக்கும் படத்தில் எலும்பு முனையில் புதிய வெண்கோடு ஒன்று தோன்றும். உப்புப் படியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே முதற்சான்று. கால்களின் வளைவு நிமிர்வதற்கோ ஓராண்டு, ஈராண்டு கூட ஆகலாம். சிறு வயதிலேயே மருத்துவம் தொடங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு அறுவை தேவைப்படாது. மருந்து முடிந்தபின்னும் வளைவு நீடித்தால் மட்டுமே எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதற்கிடையில் மருத்துவச்சியை அழைத்துக் காலை நீவி நிமிர்த்த முற்படுவது ஆபத்தானது. மென்மையுற்ற எலும்பு முறியும்.

இளவெயிலில் குழந்தையைக் காட்டும் நம் வழக்கம் நல்லதுதான். ஆனால் அதுவே மருந்தாகிவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. நம் நிழல் நம்மைவிட நீண்டிருக்கும் நேரத்தில் வேண்டிய கதிர் பூமிக்கு வந்து சேர்வது சொற்பம். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையே இச்சத்து மிகுதியாக உண்டாகும் என்று திருப்பதியில் நடந்த ஆய்வொன்று காட்டியது. அந்நேரத்தில் நம் ஊர் வெயிலில் பச்சைப் பிள்ளையைக் கிடத்த எவருக்கு மனம் வரும்? கருத்த மேனிக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். ஓடியாடும் பிள்ளைகளுக்கு வெயில். கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து என்று கொள்வதே தக்கது.

மருந்துக்குப் பணியாத ரிக்கெட்ஸ்

வெயில் நிறைந்த வயல்களில் வளரும் பிள்ளைக்கும் இந்நோய் வரும். வங்காளதேசத்தில் 1991 ஏப்ரலில் வீசிய பெரும்புயலுக்குப் பின் துயர் துடைக்கச் சென்றோர், சக்காரியா என்ற கடலோரப் பகுதியில் கால் வளைந்த பிள்ளைகள் பலரைக் கண்டனர். அங்கு வெயிலுக்குக் குறைவில்லை. சோறே உணவு; பால் அரிது. குறைவு கால்சியத்தில் இருந்தது. நைஜீரிய நாட்டுப் பிள்ளைகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வும், வைட்டமினை மட்டும் கொடுத்ததைவிடக் கால்சியம் கொடுத்த பிள்ளைகளே நன்கு தேறினர் என்று காட்டியது. இவ்வகையில் நாம் நற்பேறு பெற்றவர்கள். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்திலி, எள், முருங்கைக்கீரை யாவும் நம் அடுக்களைக்குப் புதியவை அல்ல. பாலாயின் இரண்டு குவளை போதும்.

மூன்று மாதம் முறையாக மருந்துண்டும் படத்தில் மாற்றமில்லை எனில், பிறவிக் காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீரகம் பாஸ்பரசை இருத்திக்கொள்ளாமல் வெளியேற்றும் மரபுநோய் ஒன்றுண்டு. 1937-இல் புல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் இத்தகைய மருந்துக்குப் பணியாத ரிக்கெட்சை விளக்கினார். அதற்குப் பாஸ்பேட்டும், சிறுநீரகத்தின் மாற்றத்தை வேண்டாத வகை வைட்டமின் டி-யும் கொடுப்பர். 2018 முதல் சில நாடுகளில் புரோசுமாப் என்னும் ஊசி மருந்தும் ஒப்புதல் பெற்றுள்ளது; அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. வைட்டமினை வேலை செய்யும் நிலைக்கு மாற்றவே இயலாத பிறவிக் குறையும் உண்டு. தாய், தந்தை இருவரிடமும் மறைந்து கிடக்கும் குறை ஒன்றுசேரும்போதே அது வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே மணமுடிக்கும் தமிழகத்துக் குடும்பங்களில், சமய வேறுபாடின்றி, இதற்கு வாய்ப்பு கூடுதல். ஒரு பிள்ளைக்கு இவ்வாறிருந்தால் அடுத்த பிள்ளையைப் பிறந்தவுடனே பரிசோதிக்க வேண்டும்.

கிளாஸ்கோவும் துருக்கியும்

மக்யூவன் எலும்பை வெட்டி நிமிர்த்திய அதே கிளாஸ்கோவில், 1960-களிலும் 70-களிலும் ரிக்கெட்ஸ் மீண்டும் தலைதூக்கியது. இம்முறை நோயுற்றோர் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள். மேகம் மூடிய வானம், கருத்த மேனி, சப்பாத்தி மிகுந்த உணவு, வீட்டுக்குள் வாழ்வு எல்லாம் ஒன்றுகூடின. 1979-இல் அந்நகரில் வைட்டமின் டி சொட்டு மருந்தை இலவசமாக வழங்கும் இயக்கம் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் ரிக்கெட்ஸ் நோயோடு மருத்துவமனையில் சேரும் ஆசியப் பிள்ளைகளின் எண்ணிக்கை நன்கு குறைந்தது. அதற்காக அவர்களில் எவரும் தம் ஆடையையோ உணவையோ வழிபாட்டையோ மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

துருக்கியின் சான்று இன்னும் வலிமையானது. அந்நாட்டின் கிழக்கே எர்சுரும் வட்டாரத்தில் 1998-இல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஆறு பேருக்கு ரிக்கெட்ஸ் இருந்தது. நீண்ட குளிர்காலமும் போர்த்திய ஆடையும் உடைய ஊர் அது. 2005-இல் துருக்கி அரசு, பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 400 அலகு சொட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2008-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது, நோயுற்றோர் ஆயிரத்துக்கு ஒருவராகச் சுருங்கியிருந்தனர்.

நம் ஊர்களில் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகின்றன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் அம்முகாமில் கைக்குழந்தையின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கவும் ஒரு மேசை போடலாம். கருவுற்ற பெண்ணுக்கும் நாளொன்றுக்கு 600 அலகு தேவை என்பதால், பிள்ளையின் பெயரைப் பதியும் ஏட்டில் தாயின் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். ரிக்கெட்ஸ் கண்ட பிள்ளையின் தாய்க்கும், அடுத்த பாலகருக்கும் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் அவர்களுக்கும் இக்குறை இருக்கும். ஒரே சீட்டில் மூவருக்கும் மருந்து எழுதும்படி மருத்துவரைக் கேட்கலாம். சொட்டு மருந்தைப் பிறந்த முதல் வாரத்திலேயே தொடங்கி, நாற்பதாம் நாள் குளிப்புக்குக் காத்திராமல், முதல் பிறந்தநாள் வரை விடாது கொடுத்துவருதல் வேண்டும்.